கார்ட்டூன் கதாபாத்திரங்களுக்கு நிறமும் நிழலும்: கேள்வி பதில்

டிஜிட்டல் அனிமேஷனில் இங்க் அண்ட் பெயிண்ட் என் வேலை. கோடு வரைந்து முடிந்தபின் நிறம் நிரப்புவது, நிழல் போடுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கதை, எடிட்டிங், சம்பளம் எல்லாம் என் பக்கம் வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஓப்பன்டூன்ஸ் சாஃப்ட்வேரில் 60 ஃபிரேமுக்கு நிறம் போட்டு முடித்துவிட்டேன். இப்போது சட்டை நிறத்தை மாற்றச் சொல்கிறார்கள். முதலிலிருந்து போட வேண்டுமா?

பதில்: நீங்கள் வரைந்தது டூன்ஸ் ராஸ்டர் லெவல் (அந்த சாஃப்ட்வேரின் ஒரு படவகை) என்றால் ஒரே நிமிட வேலை. அந்த வகையில் படத்துக்குள் நிறமே கிடையாது. ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று எண்கள்தான் இருக்கும்: கோட்டுக்கு எந்த ஸ்டைல் (அதாவது நிறத்தின் எண்), உள்ளே நிரப்ப எந்த ஸ்டைல், இரண்டும் அந்த இடத்தில் எவ்வளவு கலக்கின்றன. 7-ம் ஸ்டைல் பச்சையா சிவப்பா என்பது பேலட் என்ற நிறப் பட்டியலில் இருக்கிறது. பேலட்டில் 7-ஐ மாற்றினால் 60 ஃபிரேமும் மாறிவிடும்.

இரவுக் காட்சிக்கும் இதே வழிதான். பேலட்டை நகலெடுத்து, எண்களை அப்படியே வைத்து, நிறங்களை மட்டும் மாற்றுங்கள். ஹார்மனி என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் செய்பவர்கள் கவனிக்கவும்: பேலட்டை ‘க்ளோன்’ செய்தால் ஒவ்வொரு நிறத்தின் அடையாள எண்ணும் அதேபடி வரும், ‘டூப்ளிகேட்’ செய்தால் புது எண் வரும். இரவு பேலட்டுக்கு வேண்டியது க்ளோன். இதில் மாற்றிச் செய்துவிட்டு, நிறம் மாறவே மாட்டேன் என்கிறது என்று வருபவர்கள் நிறைய.

சாதாரண ராஸ்டர் லெவலில் (பிக்சலிலேயே நிறம் பதியும் வகை) வரைந்திருந்தால் இந்த வசதி இல்லை. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான்.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை, இன்னும் பல முறை சொல்வேன்: பேலட் முடிவானபின் வண்ணச் சக்கரத்தைத் தொடாதீர்கள். அந்தப் பேனலையே மூடி வையுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர் வையுங்கள்: ‘தோல்’, ‘தோல் நிழல்’, ‘சட்டை’, ‘சட்டை நிழல்’.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்? இலவசமாக இருந்தால் நல்லது.

பதில்: ஓப்பன்டூன்ஸ். ஸ்டூடியோ கிப்லி பயன்படுத்திய டூன்ஸ்தான் 2016 மார்ச்சில் திறந்த மூலமாக வெளிவந்தது. ஃபிரேம் குறைவு, ஓவியம் மாதிரி வேண்டும் என்றால் கிரிட்டா. அதுவும் இலவசம்.

கேள்வி: ஃபில் டூலைத் தட்டினால் நிறம் வெளியே ஓடிவிடுகிறது.

பதில்: கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் அக்குளில், காதும் தலையும் சேரும் இடத்தில், விரல் இடுக்கில். படத்தை நன்றாகப் பெரிதாக்கி அந்த இடங்களை முதலில் பாருங்கள். ஹார்மனியில் ‘க்ளோஸ் கேப்’ கருவி கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைப் போட்டு அடைக்கும். அடோபி அனிமேட்டில் பெயின்ட் பக்கெட்டிலேயே இடைவெளி அளவைத் தேர்ந்தெடுக்கலாம். முடி நுனி மாதிரி வேண்டுமென்றே திறந்துவிட்ட கோடுகளுக்குத் தானியங்கி வசதியை நம்ப வேண்டாம், கையால் மூடுங்கள்.

கேள்வி: கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவில் மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறது. எப்படிப் போக்குவது?

பதில்: கோட்டின் ஓரத்தில் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் இருக்கின்றன. ஃபில் அவற்றுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. நிறத்தைக் கோட்டு லேயருக்குக் கீழே தனி லேயரில் போட்டு, நிரப்பும் பகுதியை 1 அல்லது 2 பிக்சல் விரியும்படி அமையுங்கள். முதல் பதிலில் சொன்ன டூன்ஸ் ராஸ்டரில் ஒரே பிக்சலில் கோடும் நிறமும் சேர்ந்தே இருப்பதால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: அக்கா, ஒற்றைப் படத்தில் என் நிழல் நன்றாக இருக்கிறது. ஓடவிட்டால் முகத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி நடுங்குகிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. ஒற்றை ஓவியத்தில் நிழலுக்கு எத்தனை மடிப்பு வேண்டுமானாலும் போடலாம். அனிமேஷனில் அதே நிழலைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்றாலும் நொடிக்கு 12 படம். பத்து நொடிக்கு 120. சட்டையில் எட்டுத் துண்டு நிழல் போட்டால் அந்த எட்டும் 120 படத்திலும் ஒழுங்காக நகர வேண்டும். யாராலும் முடியாது.

முதலில் துண்டுகளைக் குறையுங்கள். முகத்துக்கு மூன்று போதும்: முடி நெற்றியில் போடும் நிழல், மூக்கடி, தாடைக்குக் கீழே கழுத்து. கண்ணின் வெள்ளையில் மேல் இமைக்கு அடியில் சின்னப் பட்டை ஒன்று போட்டால், மிகக் குறைந்த செலவில் முகத்துக்கு உயிர் வரும்.

அடுத்து, நிழலின் எல்லையை நிறம் போடும்போது யோசிக்காதீர்கள், வரையும்போதே யோசியுங்கள். ஜப்பானில் அனிமேட்டரே தாளில் நிழல் எல்லையைக் கலர் பென்சிலால் வரைந்துவிடுவார். நிறம் போடுபவர் அந்தக் கோட்டுக்கும் நிழலின் நிறத்தையே கொடுப்பார், கோடு மறைந்துவிடும். ஓப்பன்டூன்ஸில் நிழல் கோட்டுக்குத் தனி ஸ்டைல் வைத்து வரைந்து, பிறகு ஃபில் டூலைக் கோடுகளுக்கான முறையில் வைத்து நிழல் ஸ்டைலைத் தட்டினால் அதேதான். இடைப்பட்ட படங்களிலும் நிழல் கோட்டை உடம்புக் கோட்டோடு சேர்த்தே வரைய வேண்டும். அப்போதுதான் தலை திரும்பும்போது நிழல் தலையின் உருண்டையோடு போகும். பிரஷ்ஷால் ஃபிரேமுக்கு ஃபிரேம் தடவினால் ஊரத்தான் செய்யும்.

கேள்வி: நிழலுக்குக் கறுப்பு நிறத்தை 30% வைத்தால் போதாதா?

பதில்: போதாது. தோல் அழுக்காகத் தெரியும். மல்டிப்ளை லேயரில் (கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் லேயர்) ஊதா தடவுவதும் எனக்குப் பிடிக்காது. நிழல் நிறத்தைப் பேலட்டிலேயே தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: இதை ஏற்க முடியாது. வாரத் தொடருக்குக் கம்ப்போஸிட்டிங் (லேயர்களைச் சேர்த்து இறுதிப் படமாக்குவது) செய்கிறேன். 14 பாத்திரங்கள், பகல், இரவு, வீட்டுக்குள், மழை. எல்லாவற்றுக்கும் நிழல் நிறம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் எபிசோட் எப்போது போகும்? மல்டிப்ளை ஒன்று போட்டால் முடிந்தது.

பதில்: வாருங்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். மல்டிப்ளை என்பது இரண்டு நிறங்களின் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பெருக்கி 255-ஆல் வகுப்பது. எல்லோருக்கும் பிடித்த அந்த வெளிர் ஊதாவை 180, 170, 210 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டை 250, 250, 250 என்றால் நிழலில் 176, 167, 206 ஆகும். அழகு, வெயிலில் வெள்ளைத் துணியின் நிழல் அப்படித்தான் நீலம் பாயும். தோல் 245, 200, 165 என்றால்? 173, 133, 136. செத்த நிறம். தோலுக்குள் நுழைந்த வெளிச்சம் ரத்தத்தைத் தொட்டுச் சிவப்பாகத் திரும்புகிறது, அதனால் தோலின் நிழல் 208, 140, 118 மாதிரி சூடாக இருக்க வேண்டும். மஞ்சள் பாவாடை 255, 220, 60 என்றால் 180, 147, 49. சேறு. கறுப்பு முடி 30, 28, 35 என்றால் 21, 19, 29. நிழல் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரே மல்டிப்ளை ஒரு பாத்திரத்தில் ஓரிடத்தில் சரி, மூன்று இடத்தில் தப்பு.

கேள்வி: சார், ஃபில் பண்ணினா கலர் வெளிய போகுது.

பதில்: நான் சார் இல்லை. மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அதே கம்ப்போஸிட்டர்தான். உங்கள் கணக்கு சரி. ஆனால் இரவு பேலட் செய்யும்போது நீங்களும் எல்லா நிறத்தையும் சேர்த்துப் பிடித்து ஸ்லைடரைத்தானே இழுக்கிறீர்கள்? அதுவும் ஒரு மல்டிப்ளைதானே? அப்புறம் கையில் விளக்கோடு ஒருவன் நடந்து வந்தால் உங்கள் பேலட் என்ன செய்யும்?

பதில்: முதல் கேள்விக்கு: ஆமாம், அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் அங்கேயே நிற்க மாட்டேன். இழுத்து முடித்தபின் தோல், மஞ்சள், கண் வெள்ளை மூன்றையும் கையால் திருத்துவேன். இருட்டில் கண் வெள்ளை 255-லேயே நின்றால் பேய் மாதிரி ஒளிரும்.

விளக்குக் காட்சியில் நீங்கள் ஜெயித்தீர்கள். வெளிச்சம் நகர்ந்தால் பேலட் உதவாது. ஹார்மனியின் டோன் நோட் (பாத்திரத்தின் மேல் நிழலைத் தனியாகப் போடும் வசதி) அதற்குத்தான் இருக்கிறது. 1988-ல் ரோஜர் ராபிட் படத்திலேயே நிழலையும் பளபளப்பையும் தனித்தனி மேட்டாக (எந்த இடத்தில் விழ வேண்டும் என்று காட்டும் படம்) வரைந்து, ஆப்டிகல் முறையில், அதாவது ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, பாத்திரத்தின் மேல் சேர்த்தார்கள். கட்-அவுட் பொம்மைக்கும் (கை, கால், தலை எனத் துண்டுகளாகச் செய்து அசைக்கும் பாத்திரம்) உங்கள் வழிதான் வேகம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: டோனை இரண்டாகப் பிரித்து, தோலுக்குச் சூடான நிறம் ஒன்று, மற்றதற்கு வேறொன்று. ஒரு நோட் கூடுதல், அவ்வளவுதான். எபிசோட் அதனால் நிற்காது.

கேள்வி: நிழலே இல்லாத கார்ட்டூன்கள் ஓடவில்லையா? எதற்கு இந்தச் சண்டை?

பதில்: ஓடுகின்றன. சிம்சன்ஸ் பெரும்பாலும் தட்டை நிறம்தான். செல் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) காலத்தில் செல்லின் பின்பக்கம் பெயின்ட் பூசுவார்கள். ஒரு நிறம் கூடினால் இன்னொரு முறை கலந்து, பூசி, காய வைக்க வேண்டும். அதனால் நிழல் போடத் தயங்கினார்கள். உங்கள் பாத்திரம் தட்டையாகவே நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். அரைகுறை நிழலைவிட அது மேல்.

கேள்வி: இந்த வேலையில் மாதம் எவ்வளவு வரும்?

பதில்: மேலே சொன்னேன், என் பக்கம் இல்லை.

கேள்வி: இலவச சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: நடுவில் பேலட்டைத் தொலைத்துவிட்டேன். ஐட்ராப்பரால் பழைய ஃபிரேமிலிருந்து நிறத்தை எடுத்துத் தொடரலாமா?

பதில்: பழைய ஃபிரேம் பிஎன்ஜியாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் நடுப்பகுதியிலிருந்து. ஓரத்தில் எடுத்தால் கோட்டின் நிறம் கலந்து வரும். ஜேபெக் என்றால் சுருக்கும்போதே நிறம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுத்தால் ஓடவிடும்போது மினுக்கும். ஒரே ஒரு முறை எடுத்து, பேலட்டாகச் சேமித்து, பெயர் வைத்து, அப்புறம் வண்ணச் சக்கரத்தை மூடுங்கள்.

கேள்வி: கன்னத்தில் மங்கலான ரோஜா நிறம் வேண்டும். கிரேடியன்டை எல்லா ஃபிரேமிலும் எப்படி ஒரே மாதிரி போடுவது?

பதில்: கையால் தடவாதீர்கள். கோட்டுக்குக் கீழே, தோலுக்கு மேலே தனி லேயர் வையுங்கள். அதில் கன்னத்துக்கு ஒரு நீள்வட்டத்தைக் கெட்டியான நிறத்தில் போட்டு, தலையோடு சேர்த்து நகர்த்துங்கள். மங்கலை அந்த லேயர் முழுவதற்கும் ஒரே ப்ளர் எஃபெக்டாகக் கொடுங்கள், அளவு எல்லா ஃபிரேமிலும் ஒன்றாக இருக்கும். பக்கவாட்டில் திரும்பும்போது தூரத்துக் கன்னத்தின் வட்டம் முகத்துக்கு வெளியே வழியும், அதற்கு முகத்தின் நிறப் பகுதியையே மாஸ்க்காகப் போட்டுவிடுங்கள்.