தேன் பாட்டிலில் லேபிள் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: தேன் விற்கும் ஒருவருக்கு லேபிள் வடிவமைத்திருக்கிறேன். அது அச்சாகி வருவதற்கு முன்பே விளம்பரப் படம் வேண்டும் என்கிறார். வெறும் பாட்டிலைப் படமெடுத்து, போட்டோஷாப்பில் லேபிளை வார்ப் கருவி கொண்டு வளைத்து, பாட்டில் படத்தோடு கலக்கும் முறையாக மல்டிப்ளை கொடுத்தேன். வெள்ளைக் காகித லேபிள் பழுப்பேறி அழுக்காகத் தெரிகிறது. கலக்காமல் மேலே வைக்கும் நார்மல் முறையில் வைத்தால் காற்றில் மிதக்கிறது. ஓரத்தில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணும் படத்தில் தெளிவாகத் தெரியவேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: மல்டிப்ளை என்பது பெயருக்கேற்றபடி பெருக்கல்தான். மேல் லேயரின் (அடுக்கின்) ஒளி அளவும் கீழ் லேயரின் ஒளி அளவும் பெருக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் வெள்ளையின் மதிப்பு ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அதுவேதானே வரும்? உங்கள் வெள்ளைக் காகிதம் இருந்த இடத்தில் தேனின் பழுப்பு மட்டும் மிஞ்சியது அதனால்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் லேபிளில், அடியில் வெள்ளை மை இடாமல் அச்சடித்தால் நிஜத்திலும் இப்படித்தான் இருக்கும். அங்கே மல்டிப்ளை சரி. காகிதமோ தனக்குப் பின்னால் இருக்கும் தேனை முழுதாக மறைத்துவிடும். படத்திலும் மறைக்கத்தான் வேண்டும்.

பாட்டில் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் மீண்டும் படமெடுத்துவிடுங்கள். லேபிளின் அளவுக்குப் பளபளப்பில்லாத வெள்ளைத் தாளை வெட்டி, லேபிள் வரவேண்டிய இடத்தில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். விளக்கையும் கேமராவையும் எப்படி வைக்கப்போகிறீர்களோ அப்படியே வைத்து எடுங்கள். தாள் வெளுத்துப் போய்விடக் கூடாது; 0 கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில், அதன் மிக வெளிச்சமான பகுதி 235 வாக்கில் நின்றால் போதும். இப்போது உங்கள் வடிவமைப்பை அந்தத் தாளின்மேல் மல்டிப்ளையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஓரத்து நிழல், தாளின் தடிமன், விளிம்புக்கோடு, ஒளியின் நிறம் எல்லாம் கேமராவே தந்துவிடும். கணினியில் இரண்டு மணி நேரம் போராடுவதை அரை ரூபாய்த் தாள் செய்துவிடுகிறது. பத்தில் ஒன்பது முறை நான் இதைத்தான் செய்கிறேன்.

மீண்டும் எடுக்க வழியில்லை என்றால், லேபிளை நார்மலிலேயே வையுங்கள். அதன்மேல் கிளிப் செய்த (லேபிளின் எல்லைக்குள் மட்டும் தெரியும்) ஒரு லேயரில் நிழலை நீங்களே வரையவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேன் நிரம்பிய பாட்டில் ஒரு குவி லென்ஸ். விளக்கு இடப்பக்கம் இருந்தால், ஒளி உள்ளே புகுந்து வலப்பக்கத்தில் போய்க் குவிந்து, அங்கே தேன் பொன்னாக ஒளிரும். அதைப் பார்த்து லேபிளிலும் வலப்பக்கத்தை வெளுப்பாக்கினால், எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண் ஒப்பாது. ஒளிரும் தேனை விட்டுவிட்டு, கண்ணாடியின் மேற்பரப்பில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும் பிரதிபலிப்பைப் பாருங்கள். விளக்கின் திசை அதில்தான் இருக்கிறது. லேபிளில் அந்தப் பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் நிழல். கண்ணாடியில் கூர்மையாக ஓடும் அந்தக் கீற்று லேபிளின் விளிம்பில் அறுபடவேண்டும். காகிதத்தின்மேல் அகன்று, மங்கி, மெதுவாகக் கரையவேண்டும். கீற்றை அப்படியே லேபிளின்மேல் ஓடவிட்டால், லேபிள் பாட்டிலுக்குள்ளே இருப்பதுபோல் ஆகிவிடும். தங்கப் படலம் பதித்த எழுத்துகள் இருந்தால் அவற்றை மட்டும் தனி லேயராக்கி, கூர்மையான கீற்றை அவற்றுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது வளைவு. 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 22 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.3 செ.மீ. அகல லேபிள், படத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. அளவுக்கே தெரியும். குறுகுவதும் எல்லா இடத்திலும் சமமாக இல்லை: நடுவில் எழுத்து முழு அகலத்தில் இருக்கும், ஓரத்தில் பாதியாகிவிடும். மேல் கீழ் விளிம்புகளை மட்டும் வளைத்துவிட்டு இதை மறந்தால் லேபிள் தட்டையாகவே தெரியும். வார்ப்பில் 3×3 கட்டத்தைத் தேர்ந்து, உள்ளே இருக்கும் இரண்டு நெடுங்கோடுகளையும் வெளிப்புறமாக நகர்த்துங்கள். மேலே சொன்ன அளவு லேபிளுக்கு நடுக்கட்டம் அகலத்தில் 40 விழுக்காடும், பக்கக் கட்டங்கள் 30 விழுக்காடும் இருந்தால் கணக்கு சரியாக வரும். அதற்கு முன் லேபிளை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொள்ளுங்கள்; வளைத்த பிறகும் உள்ளே இருப்பதைத் திருத்தலாம். விலையை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் நிச்சயம் கேட்பார்.

விளிம்புகளின் வளைவும் ஒன்றுபோல் இராது. கேமரா பாட்டிலின் தோள் உயரத்தில் இருந்தால் அங்கே விளிம்பு நேர்கோடாகத் தெரியும். கீழே இறங்க இறங்க வளைவு கூடும். பாட்டிலின் அடிவிளிம்பின்மேல் ஒரு நீள்வட்டம் வரைந்து பார்த்தால் அதிகபட்ச வளைவு பிடிபடும். லேபிளின் கீழ்விளிம்பு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், மேல்விளிம்பு இன்னும் குறைவாகவும் வளையட்டும்.

மற்றவை சில நிமிட வேலை. நிழல் விழும் பக்கத்தில் ஓரிரு பிக்சல் அளவுக்கு மெல்லிய நிழற்கோடு. படத்தில் அச்சுக் கறுப்பு ஒருபோதும் முழுக் கறுப்பாக இராது. வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸில் அதை 0-இலிருந்து 25 வரை தூக்கிவிடுங்கள். கணினியில் பிறந்த எழுத்து கேமரா எழுத்தைவிடக் கூர்மையாக இருக்கும். அரை பிக்சல் பிளர் (மங்கல்) கொடுத்து, படத்தில் உள்ள அளவுக்கு நாய்ஸ் (புள்ளி இரைச்சல்) சேருங்கள். பாட்டில் பளபளப்பான மேசையில் நிற்கிறது என்றால், கீழே தெரியும் பிம்பத்திலும் லேபிள் இருக்கவேண்டும். இதை நானே ஒருமுறை மறந்து, அச்சுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

உரிம எண்ணுக்காக லேபிளின் ஓரத்தை விரிக்காதீர்கள். அங்கே எழுத்து பாதியாகச் சுருங்குவதுதான் இயல்பு. பாட்டிலைச் சற்றுத் திருப்பி, அந்தப் பக்கம் தெரியும்படி இன்னொரு படம் கொடுத்துவிடுங்கள்.