வலைப்பூ எழுதினால் ஆசிரியர் வளர்வாரா, சான்றிதழ்தான் வளருமா?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வலைப்பூ எழுதுங்கள், வகுப்பில் தொழில்நுட்பம் பயன்படுத்துங்கள், தொழிலில் வளரலாம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

எனக்கு வேலை மலேசியாவின் பினாங்குத் தீவில், வீடு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். 2011-இல் வலைப்பூ தொடங்கினேன். முதல் சில வருடங்கள் நான் போட்டதெல்லாம் பயிற்றிகள், அதாவது பயிற்சித்தாள்கள்தான்: இணைமொழி, மரபுத்தொடர், வாக்கியம் அமைத்தல், சோதனைக்கு முன் ஒரு பயிற்சித் தொகுப்பு. நிறைய பேர் பதிவிறக்கினார்கள், "மிக்க நன்றி டீச்சர்" என்று எழுதினார்கள், நானும் ஏதோ பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பயிற்றி தயாரிப்பதில் கை தேர்ந்தது உண்மை. பாடம் நடத்துவதில் நூலளவுகூட நகரவில்லை.

நகர்ந்தது ஒரு கோபத்தில். நான்காம் ஆண்டுக்கு வலிமிகும் இடம் நடத்தினேன். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், அவ்வளவுதான் பாடம். கணினி அறையில் கஹூட் என்ற இணைய வினாடிவினா விளையாட்டைப் போட்டேன், பத்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடை: அந்த கடை, அந்தக் கடை. 19 பிள்ளைகளில் 17 பேருக்கு எல்லாமே சரி, ஒரே கூச்சல், மேசையைத் தட்டிக் கொண்டாட்டம். கற்றல் கற்பித்தல் அறிக்கையில் அடைவுநிலையை நானும் கைகூசாமல் ஆறுக்கு 5 என்று போட்டேன். மறுநாள் கட்டுரை நோட்டைத் திறந்தால் வரிசையாக அந்த கடை, இந்த தெரு, எந்த பையன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் ஃபெரியில் உட்கார்ந்து, கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் தட்டச்சு செய்துகொண்டே போனேன், படகு கரை சேர்வதற்குள் பதிவு முடிந்துவிட்டது. பயிற்றி இல்லை, படம் இல்லை, என்ன கேட்டேன், பிள்ளைகள் என்ன எழுதினார்கள், எனக்கு ஏன் புரியவில்லை, இவ்வளவுதான். கெடா மாநிலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவே பதில் போட்டிருந்தார். "டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பத்துக் கேள்வியிலும் ஒற்று உள்ள விடைதானே சரி? இரண்டாவது கேள்வியிலேயே பிள்ளைகள் உங்களைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒற்று மிகாத பல கடைகள், சில பழங்கள், அது பெரிது எல்லாம் கலந்து கொடுத்துப் பாருங்கள்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு அந்த விளையாட்டில் வேகமாகத் தட்டுபவனுக்குத்தான் புள்ளி அதிகம், யோசிப்பவன் தோற்பான். அதே கேள்விகளோடு வலிமிகா இடத்தையும் கலந்து, நேரத்தையும் கூட்டி மறுபடி வைத்தேன். முழுதும் சரியாகச் செய்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறுதான் உண்மையான கணக்கு. அறிக்கையையும் திருத்தினேன், துணைத் தலைமையாசிரியர் ஒரு மாதிரி பார்த்தார், அது வேறு கதை.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பினாங்கு மாநிலத்தில் இருப்பதே 28 தமிழ்ப்பள்ளிகள், அதில் சின்னப் பள்ளி என்றால் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு. நான்காம் ஆண்டுத் தமிழ் எடுப்பது எங்கள் பள்ளியில் நான் ஒருத்தி மட்டும். பாடம் சறுக்கினால் ஓய்வறையில் யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து மேசையில் கணிதம், எதிர் மேசையில் மலாய். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இவ்வளவு பயிற்சி என்று கணக்கு இருக்கிறது, போகிறோம், மதிய உணவு நன்றாக இருக்கும், பெயர் பதிவாகும். ஆனால் என் கேள்விகளில் இருந்த ஓட்டையை அங்கே யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் நான் அதைக் கொண்டுபோகவே மாட்டேன்.

அப்புறம் 2020 மார்ச் 18 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜூன் மாதம் கல்வி அமைச்சின் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் வந்தது, கூகள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றுக்கும் ஒரே நுழைவு. நல்ல விஷயம்தான், ஆனால் என் வகுப்பில் பாதி வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு. அதனால் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு மட்டும் கேட்டேன். ஒரு பத்தி கொடுத்து, வாசித்து அனுப்பச் சொன்னேன், அதில் மிகும் ஒற்றுகளையெல்லாம் வேண்டுமென்றே எடுத்துவிட்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் கவனித்தேன்: எழுதும்போது அந்த கடை என்று விடும் அதே பையன், வாசிக்கும்போது அந்தக் கடை என்று அழுத்தித்தான் சொல்கிறான்! வாய்க்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அவன் குரலை அவனுக்கே போட்டுக் காட்டி, கேட்டு எழுதச் சொன்னேன். விதியை மனனம் செய்ய வைத்ததைவிட இது நன்றாகப் பிடித்தது. இன்றுவரை அப்படித்தான் தொடங்குகிறேன்.

சான்றிதழைப் பற்றி ஒரு வரி. ஆசிரியர்களுக்கான கூகள் சான்றிதழில் முதல் நிலையை நானும் எடுத்தேன், மூன்று வருடம்தான் செல்லும், புதுப்பிக்கவில்லை. பதவி உயர்வுக் கோப்பில் வைக்க அழகாக இருக்கும், எடுங்கள், தப்பில்லை.

இப்போது எல்லாரும் டெலிகிராம் குழுவில்தான் இருக்கிறார்கள், வலைப்பூ பழைய சரக்கு என்பார்கள். குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பயிற்றி வரும், அது சரி. ஆனால் போன வருடம் இதே பாடத்தில் எங்கே தடுக்கினேன் என்று அங்கே தேடிப் பாருங்கள், வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். வலைப்பூவில் தேதியோடு கிடக்கும். இன்னொன்று, எழுதியதன் நகலை உங்களிடமே வைத்திருங்கள். நான் இரண்டு வருடம் ஏற்றி வைத்த பாடங்கள் ஒரு தளம் மூடியபோது அப்படியே போயின. பழைய பயிற்றிகள் வேறு யூனிகோட் அல்லாத எழுத்துருவில் செய்தவை, இன்று திறந்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் புதியவர் என்பதால் வெளியே போட வேண்டும் என்றுகூட இல்லை, முதல் மூன்று மாதம் உங்களுக்கு மட்டும் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு பாடம், சரியாக வராத பாடம். பிள்ளைகளின் பெயர், முகம், பள்ளிச் சின்னம் எதுவும் வேண்டாம், நோட்டைப் படம் எடுத்தால் மேலே பெயர் தெரிகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். பிறகு துணிச்சல் வந்ததும் திறந்துவிடுங்கள். பத்து பேர் படித்தாலே அதிகம், அதில் ஒருவர் குறை சொல்பவராக அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

கெடா ஐயா இன்னும் வருகிறார். போன வாரம் என் பதிவின் தலைப்பிலேயே ஒரு ஒற்று விட்டுப்போனதைப் பிடித்துவிட்டார்.