கடைப் பலகையைக் கூறு கட்டுவது எப்படி?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவில் ஏழு மாதமாக என் மகளின் பெயரில் தையல் கடை நடத்துகிறேன். பிளவுஸ், சுடிதார், ஆரி வேலை எல்லாம் செய்கிறோம். 12 அடிக்கு 3 அடியில் ஃபிளெக்ஸ் பலகை வைத்திருக்கிறேன். ஆனாலும் உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் ‘இது பியூட்டி பார்லரா?’ என்று கேட்கிறார்கள். பச்சைப் பின்னணியை எடுத்துவிட்டு மஞ்சள் வைத்தால் சரியாகுமா? பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, சென்னை 21

பதில்: மஞ்சள் வைத்தால் இதே குழப்பம் மஞ்சளில் இருக்கும், அவ்வளவுதான். நிறத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். மேலே மூன்று மதச் சின்னங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கடையின் பெயர். ஒரு மணப்பெண், ஒரு குழந்தை, ஒரு பூங்கொத்து. எட்டு வேலைகளின் பட்டியல், இரண்டு கைபேசி எண்கள், வாட்ஸ்அப் சின்னம், ‘குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும்’ என்ற உறுதிமொழி, கடைசியில் முகவரி. கடை வாசலிலேயே நிற்பவருக்கு முகவரி எதற்கு? ‘தையல்’ என்ற சொல்லைத் தேடினேன். பட்டியலின் நான்காவது வரியில் இருக்கிறது. மணப்பெண்ணின் முகமோ பலகையின் உயரத்தை முழுதாக நிரப்புகிறது. பார்லரா என்று கேட்டவர்கள் உங்கள் பலகையைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் வருகிறவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 27 அடி கடக்கிறார். 80 அடிக்கு அப்பாலிருந்தே உங்கள் பலகை தெரிகிறது என்று வைத்துக்கொண்டாலும் அவருக்குக் கிடைப்பது மூன்று விநாடி. அதிலும் முன்னே போகும் ஆட்டோவைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நான்கைந்து சொற்களைப் படிக்கலாம். நீங்கள் அறுபதுக்கு மேல் வைத்திருக்கிறீர்கள்.

காலையில் காசிமேட்டுக்குப் போனால், மீன் விற்கும் பெண்கள் கூறு கட்டுவதைக் கவனியுங்கள். நான்கு சங்கரா ஒரு கூறு, ஒரு கை நெத்திலி இன்னொரு கூறு. கூறுக்கும் கூறுக்கும் நடுவில் நாலு விரல் இடம் காலியாக இருக்கும். விலைச்சீட்டு கிடையாது. ஆனாலும் எது எதோடு சேர்ந்தது, ஒரு விலை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வெற்றிடம் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது என்பதை 1923-ல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியல் அறிஞர் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். வடிவமைப்பு வகுப்புகளில் முதல் வாரமே இதைச் சொல்லித்தருவார்கள். கூடைக்காரம்மாக்கள் யாரும் அந்த வகுப்புக்குப் போனதில்லை.

உங்கள் பலகையில் கூறே இல்லை. எல்லா மீனையும் ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறீர்கள். மூன்று கூறு போதும்: என்ன வேலை, யார் கடை, எப்படித் தொடர்புகொள்வது.

முதல் கூறு ‘தையல், ஆரி’. கடைப் பெயரை இரண்டாவதாக வைக்கச் சொன்னால் மனம் சங்கடப்படும், தெரிகிறது. மகளின் பெயர் அல்லவா? ஆனால் ஏழு மாதக் கடையைப் பெயர் சொல்லித் தேடி வருபவர்கள் குறைவு. பிளவுஸ் தைக்க யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருபவர்கள்தான் அதிகம். எட்டு வேலைகளின் பட்டியலைப் பலகையிலிருந்து இறக்கிவிடுங்கள். ஃபால்ஸ், பீக்கோ, ஓவர்லாக் என்பதையெல்லாம் வாசல் கண்ணாடியில், கண் மட்டத்தில், ஒரு தாளில் இடது ஓரம் சீராக எழுதி ஒட்டினால் நின்று படிப்பார்கள். மதச் சின்னங்களை விடச் சொல்ல நான் யார்? பில் போடும் மேசைக்கு மேலே மாட்டினால் அவற்றுக்கும் மரியாதை, பலகைக்கும் மூச்சு.

எழுத்தின் அளவுக்குப் பலகைத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். 80 அடிக்கு 8 அங்குலம். நீங்கள் 10 வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் ஆங்கிலத்துக்கான கணக்கைத் தமிழுக்கு அப்படியே போட்டு ஏமாறுகிறோம். நம் எழுத்துகளுக்குத் தலையிலும் காலிலும் வேலை அதிகம். ‘ரி’யின் கொக்கி மேலே ஏறும், ‘சு’வின் சுழி கீழே இறங்கும், மெய்யெழுத்தின் தலையில் புள்ளி. ‘ய’ என்ற எழுத்து 10 அங்குலம் என்றால் அந்த வரிக்கு 16 அங்குல உயரம் ஒதுக்க வேண்டும். உங்கள் பலகையின் உயரம் 36. மேலும் கீழும் மும்மூன்று அங்குலத்தைக் காலியாக விட்டால் மிச்சம் 30. முதல் வரிக்கு 16, இடைவெளிக்கு 5 போக, கடைப் பெயருக்கு 9 இருக்கிறது. அதில் 5 அங்குல எழுத்து தாராளமாக உட்காரும். ஆங்கிலப் பெயரை 3 அங்குலத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, பிற மொழி மூன்றாவதாக, 5:3:2 என்ற விகிதத்தில் என்று தமிழ்நாட்டில் கடைப் பலகைகளுக்குச் சொல்லப்பட்டிருப்பதும் இதுதான். வடிவமைப்புக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ‘எது பெரிது’ என்ற கேள்விக்கு அரசாங்கமே பாதி பதில் சொல்லிவிட்டது.

அச்சகத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடம் காலியாகத் தெரிந்தால் கணினியில் உட்கார்ந்திருப்பவர் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து அகலவாக்கில் இழுத்துவிடுவார். எழுத்து தட்டையாகிவிடும், நிற்கும் கோடு தடித்து, படுத்த கோடு மெலிந்ததுபோல் தெரியும். நிழல், ஓரக்கோடு, தங்க மினுமினுப்பு எதுவும் வேண்டாம். மிகத் தடித்த எழுத்தும் வேண்டாம். ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப் போகும். பின்னால் விளக்கு எரியும் பலகை என்றால் இன்னும் மோசம். இரவில் ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியாது.

நான் தொழில் பழகியது சுவர் எழுதும் ஒருவரிடம். முதல் சில மாதங்கள் தூரிகையையே தொடவிடவில்லை. நீலப்பொடி தோய்த்த நூலின் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. அவர் மறுமுனையை இழுத்துச் சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். சாக்பீஸில் எழுத்தின் எலும்பை மட்டும் போட்டுவிட்டு, எதிர்ப்புறத்து டீக்கடைக்குப் போய்விடுவார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். டீ முடிந்ததும் திரும்பி வந்து, பெரும்பாலும் ஏதாவது ஒரு வரியை அழிப்பார். சேர்த்து நான் பார்த்ததில்லை.

இப்போது நிறம். பலகையின் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உங்கள் சிவப்பு எழுத்து பச்சைப் பின்னணிக்குள் கரைந்துபோகிறதா? இரண்டும் வேறு வேறு நிறங்கள்தான், ஆனால் வெளிச்சத்தின் அளவு ஒன்றே. தூரத்துக் கண்ணுக்கு முதலில் எட்டுவது இந்த வெளிச்ச வேறுபாடுதான். அடர்நீலத்தில் வெள்ளை, மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் அடர்சிவப்பு, எது வேண்டுமானாலும் வையுங்கள். உங்கள் தெருவில் மஞ்சள் பலகைகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். ஐந்து இருந்தால் நீங்கள் ஆறாவது.

படம் ஒன்றே ஒன்று, பலகையின் வலது மூன்றில் ஒரு பங்கில். மூன்றாகப் பிரிக்கும் இந்தப் பழக்கத்துக்கு 1797-ல் பெயர் வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். வேதவாக்கு ஒன்றும் இல்லை. ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசை 1856-லிருந்து இருபுறமும் சமமாக நின்றே அழகாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் சொற்களும் வலப்பக்கம் படமும் உள்ள நீளப் பலகைக்கு மூன்றாகப் பிரிப்பது பொருந்தும். இணையத்தில் எடுத்த மணப்பெண் போகட்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஆரி ஊசி இறங்குகிற இடம், அதைப் பிடித்த விரல்கள், பாதி முடிந்த மாங்காய் வடிவம் என நெருங்கி எடுங்கள். காலை வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல். ஊசி பிடித்த கை சொற்களின் பக்கம் நீண்டிருந்தால் பார்ப்பவர் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பும். உங்கள் மணப்பெண் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தை அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கோப்பாக அனுப்புங்கள். இல்லையென்றால் சுருங்கி, பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். படத்துக்குக் கீழே ஒரே ஒரு கைபேசி எண், 2 அங்குலத்தில்.

அச்சிடுவதற்கு முன் அந்த வடிவத்தை 24 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தாளில் எடுத்து ஷட்டரில் ஒட்டுங்கள். அது உங்கள் பலகையில் பதினைந்தில் ஒரு பங்கு. ஐந்தேகால் அடி தள்ளி நின்று பார்த்தால் 80 அடியிலிருந்து பலகையைப் பார்ப்பதற்குச் சமம். உங்கள் கடையைத் தெரியாத பையன் ஒருவனை அங்கே நிறுத்தி மூன்று விநாடி காட்டிவிட்டுத் தாளை மறைத்து, என்ன கடை என்று கேளுங்கள். தையல் கடை என்றால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம். எண் தெரியவில்லை என்று அவன் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொள்பவர் வண்டியை நிறுத்தி அருகில் வந்துதான் குறிப்பார்.