ஃபிரிஸ்கோ வீட்டுப் பத்திரம்: 119 டாலர் கேட்கும் கடிதத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். 2019-ல் வீடு வாங்கினோம். அப்போது நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருந்தேன், வேலை இல்லை. அதனால் கடனும் பத்திரமும் கணவர் பெயரில் மட்டும். முன்பணத்தில் 60,000 டாலர் என் மாமனார் அவருக்குக் கொடுத்தது. 2021-ல் வட்டி குறைந்தபோது வேறு நிறுவனத்துக்குக் கடனை மாற்றினோம். போன வாரம், "உங்கள் பத்திரத்தின் சான்றளித்த நகலுக்கு 119 டாலர் அனுப்புங்கள்" என்று கெடு தேதியுடன் ஒரு கடிதம் வந்தது. தேடிப் பார்த்தால் அசல் பத்திரம் வீட்டில் இல்லை. காலின் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) தளத்தில் கணவர் பெயரைப் போட்டாலும் எதுவும் வரவில்லை. பணத்தைக் கட்டிவிடவா? என் பெயரைச் சேர்க்க, இணையத்தில் குவிட்கிளெய்ம் படிவம் இறக்கிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். கணவர் அடுத்த மாதம் சென்னை போகிறார். பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது.

பதில்: கட்டாதீர்கள். அந்தக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "நாங்கள் அரசு அலுவலகம் அல்ல" என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கவுண்டியின் பொதுப் பதிவில் இருந்து உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்து, அதே பதிவின் நகலை உங்களுக்கே விற்கும் வியாபாரம் இது. டெக்சாஸில், பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர். முத்திரையோடு சான்றளித்த நகல் வேண்டுமென்றால் கூடுதலாக 5 டாலர். உங்கள் பத்திரம் மூன்று பக்கம் என்றால் மொத்தமே 8 டாலர்தான்.

அசல் காணவில்லை என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். நம் ஊரில் மூலப்பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைத்துப் பழகியவர்கள் நாம். அது தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டியிருக்கும். இங்கே கவுண்டியில் பதிவானதும் எல்லோரும் பார்க்கக்கூடிய பொது ஆவணமாகிவிடுகிறது. வீட்டை விற்கும்போது யாரும் அசலைக் கேட்பதில்லை, உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கவுண்டிப் பதிவைத்தான் பார்க்கும்.

அப்படியானால் தேடியபோது ஏன் வரவில்லை? இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, ஃபிரிஸ்கோ ஒரே ஊர் என்றாலும் இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. கிழக்குப் பகுதி காலின் கவுண்டி, அதன் தலைமையிடம் மெக்கின்னி. மேற்குப் பகுதி டென்டன் கவுண்டி. நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அங்கே மட்டுமே பத்திரம் பதிவாகும். அதனால் முதலில் கிளார்க் தளத்துக்குப் போக வேண்டாம். வருடா வருடம் வரும் சொத்துவரி மதிப்பீட்டுக் கடிதத்தை எடுங்கள், எந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காக வீட்டை மதிப்பிடும் அலுவலகம்) என்று அதிலேயே இருக்கும். அவர்கள் தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் பிளாட்டின் (மனைப்பிரிவு வரைபடத்தின்) பெயர், பிளாக் எண், லாட் (மனை) எண் வரும். பத்திரம் பதிவான தேதியும் ஆவண எண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அந்த எண்ணைக் கிளார்க் தளத்தில் போட்டால் நேராகப் பத்திரத்துக்குப் போய்விடலாம்.

இரண்டாவது காரணம் நம் பெயர்கள். கிளார்க் அலுவலகத்தின் அட்டவணை குடும்பப் பெயரை முன்வைத்து அடுக்கப்பட்டது. நமக்கோ அப்பா பெயர்தான் கடைசிப் பெயர், அதுவும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி. கார்த்திக் சுப்பிரமணியன் என்பவர் ஒரு ஆவணத்தில் சுப்பிரமணியன் என்றும் இன்னொன்றில் கார்த்திக் என்றும் அடுக்கப்பட்டிருப்பார். சுப்பிரமணியனுக்கே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல். ஆகவே பெயரை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள், முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டும் பாருங்கள். பத்திரம் கிடைத்ததும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்தப் பத்திரம் பதிவு செய்துவிடுவது நல்லது. விற்கும் நாளில் அது தெரியவந்தால் கையெழுத்து நாள் தள்ளிப்போகும்.

தேடல் முடிவில் பல வரிகள் வரும், குழம்ப வேண்டாம். வாரன்டி டீட் என்பதுதான் உங்கள் கிரயப் பத்திரம். கடனில் வாங்கியதால் 'வெண்டர்ஸ் லீன்' (வாங்கிய கடனுக்காக வீட்டின் மேல் உள்ள பிடிப்பு) என்ற சொல்லும் தலைப்பில் இருக்கலாம். டீட் ஆஃப் டிரஸ்ட் என்பது கடன் கொடுத்தவருக்கு எழுதிய அடமானம். இங்கே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2021-ல் கடனை மாற்றினீர்கள் அல்லவா? 2019 அடமானம் நீங்கியது என்று சொல்லும் 'ரிலீஸ் ஆஃப் லீன்' பதிவாகியிருக்கிறதா? பழைய கடன் அடைந்தும் அந்த ஒரு தாள் பதிவாகாமல் விட்டுப்போனால் வில்லங்கம் அப்படியே நிற்கும். இல்லை என்றால் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து காணாமல் போன பிறகு தேடுவது பெரும்பாடு.

சரி, உங்கள் பெயர் விஷயம். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது இதுதான், கடிதம் அல்ல.

விசாவுக்கும் வீட்டு உரிமைக்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸ் சட்டப்படி திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கியது, பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், இருவரின் பொதுச் சொத்து. குடியிருக்கும் வீட்டை உங்கள் கையெழுத்து இல்லாமல் கணவர் விற்கவும் முடியாது. ஆனால் மாமனார் கணவருக்குக் கொடுத்த 60,000 டாலர் அவருடைய தனிச் சொத்து. அது முன்பணத்தில் போனதால் வீட்டில் அந்த விகிதம் அவருடைய தனிப் பங்காகக் கருதப்படலாம்.

உயில் இல்லாமல் கணவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் எல்லோரும் உங்கள் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால், பொதுச் சொத்தில் அவர் பாதி உங்களுக்கு வரும். தனிப் பங்கு அப்படி வராது. அதில் மூன்றில் ஒரு பாகத்தை நீங்கள் ஆயுள் வரை அனுபவிக்கலாம், உரிமை பிள்ளைகளுக்குப் போகும். 9 வயதும் 5 வயதும் ஆன பிள்ளைகள் வீட்டின் ஒரு பகுதிக்கு உரிமையாளர்கள் ஆகிவிட்டால், நீங்கள் அதை விற்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். துக்கத்தோடு, தவணையும் கட்டிக்கொண்டு, வேற்று நாட்டில் தனியாக நீங்கள் அந்த நிலைமையில் நிற்கக் கூடாது. அதனால்தான் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

நண்பர் சொன்ன குவிட்கிளெய்ம் வேண்டாம். "எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன்" என்று மட்டுமே சொல்லும் தாள் அது, உரிமைக்கு எந்த உத்தரவாதமும் தராது. டெக்சாஸ் டைட்டில் கம்பெனிகளுக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: கவுண்டி கிளார்க் நம் ஊர் சார்பதிவாளரைப் போல் ஆட்களை எதிரில் நிறுத்தி விசாரிப்பதில்லை. நோட்டரி முத்திரையும் வடிவமும் சரியாக இருந்தால் பதிந்துவிடுவார், உள்ளே எழுதியது தப்பா சரியா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. தப்பான பத்திரமும் பதிவாகும்.

என் யோசனை இது. அவர் சென்னை கிளம்புவதற்கு முன், தனக்குப் பிறகு வீடு யாருக்கு என்று குறிக்கும் 'டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட்' ஒன்றை எழுதிப் பதிவு செய்யுங்கள். டெக்சாஸில் 2015 செப்டம்பரில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்வரை எதுவும் மாறாது. வீட்டுக் கடன், சொத்துவரிச் சலுகை எல்லாம் அப்படியே இருக்கும், வேண்டாம் என்றால் ரத்தும் செய்யலாம். அவருக்குப் பிறகு அவருடைய பங்கு, பொதுவோ தனியோ, உயில் வழக்கு இல்லாமல் உங்களுக்கு வரும். கடன் மட்டும் வீட்டோடு தொடரும். உங்களுக்கு அடுத்த பெயராகப் பிள்ளைகளை நேரடியாகப் போடாமல், சிறுவர்களுக்கு எப்படி எழுதுவது என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பத்திரத்தில் உங்கள் பெயரைச் சேர்ப்பதை அவர் திரும்பி வந்தபின் நிதானமாகச் செய்யலாம். வாரன்டி டீட் வழியாகச் சேருங்கள். கூடவே, ஒருவர் போனால் மற்றவருக்கே முழு உரிமை என்ற ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். கடன் பத்திரத்தில் 'மாற்றினால் முழுக் கடனையும் கட்டு' என்ற நிபந்தனை இருக்கும். ஆனால் மனைவியை உரிமையாளராகச் சேர்ப்பதற்கு 1982-ன் மத்திய சட்டம் விலக்கு தருகிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மனைவிக்குக் கணவர் கொடுக்கும் அன்பளிப்புக்கான வரிவிலக்குக்கு வருட உச்சவரம்பு உண்டு, 2025-ல் அது 1,90,000 டாலர். உங்களுக்கு மாறுவது தனிப் பங்கில் ஒரு பகுதிதான் என்பதால் அந்த வரம்பை நெருங்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டிய நினைவு நமக்கு. டெக்சாஸில் முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவுக்கு முதல் பக்கம் 25 டாலரை ஒட்டி, அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலர். பெறுபவரின் அஞ்சல் முகவரி பத்திரத்தில் இருக்கட்டும், விட்டுப்போனால் அபராதக் கட்டணம் உண்டு. பத்திரம் எழுத வழக்கறிஞருக்குச் சில நூறு டாலர் ஆகும், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பல கவுண்டிகளில் உங்கள் பெயரில் ஏதாவது ஆவணம் பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் இலவச வசதி இருக்கிறது. இருவர் பெயரையும், எல்லா எழுத்துக்கூட்டல்களோடும், பதிந்துவையுங்கள்.

பயணத்துக்குள் முடியவில்லை என்றால், அவர் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி நோட்டரி முன் கையெழுத்திடலாம். டெக்சாஸ் நோட்டரி ஒருவரிடம் இணையவழியாகவும் செய்யலாம். ஆனால் கையெழுத்தோடு வேலை முடியாது. டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே வீடு உள்ள கவுண்டியில் பதிவாகியிருந்தால்தான் செல்லும். வழக்கறிஞரிடமிருந்து பதிவு எண் வரும்வரை விடாமல் கேளுங்கள். எண் வந்ததும் நீங்களே அதைக் கிளார்க் தளத்தில் போட்டு, பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.