நாய்க்கு எழுதிய மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு (20 கிலோ) தோல் புண்ணுக்காக என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் 150 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று என்று டாக்டர் எழுதினார். தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தோம். புண் ஆறியதும் நிறுத்திவிட்டோம். நான்கு மாத்திரை மிச்சம். இப்போது பூனைக்கு (3.5 கிலோ) ஓயாத தும்மல். நேற்று கால் மாத்திரை கொடுத்தேன். அரை மாத்திரையாகத் தொடரலாமா?

பதில்: வேண்டாம். கால் மாத்திரையோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் நாய்க்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. போயிருக்கிறது; நாய்களுக்கு 5 முதல் 20 வரை கொடுப்பது வழக்கம், அதனால் அது சரி. பூனைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சமே கிலோவுக்கு 5 மி.கி.தான். அதாவது உங்கள் பூனைக்கு 17.5 மி.கி. நீங்கள் கொடுத்த கால் மாத்திரை 37.5 மி.கி. அரை மாத்திரை என்றால் 75. கிலோவுக்கு 21 மி.கி.க்கு மேல். அந்த அளவு பூனையின் விழித்திரையைக் கெடுக்கும். சில பூனைகளுக்கு ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடும், பெரும்பாலும் திரும்பி வராது.

நாய்க்கு ஆகாத கெடுதல் பூனைக்கு மட்டும் ஏன்? ரத்தத்திலிருந்து விழித்திரைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளுவதற்கு அங்கே ஒரு புரதம் காவல் இருக்கிறது. பூனை இனத்தில் அது சரியாக வேலை செய்வதில்லை. மருந்து உள்ளேயே தேங்கி, வெளிச்சம் படும்போது செல்களை அரிக்கும் பொருட்களை உண்டாக்குகிறது. சிறுநீரகம் தளர்ந்த வயதான பூனை என்றால் மருந்து வெளியேறுவதும் தாமதம், ஆபத்து இன்னும் அதிகம். ஒரே வேளையில் பெரிய கெடுதல் நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தாலோ, சுவரில் கதவில் முட்டிக்கொண்டாலோ போனோடு நிற்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்த மாத்திரை இல்லையென்றால் மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிக் கொடுப்போமே என்றும் சிலர் கேட்பார்கள். மனிதர்களுக்கான அந்த மாத்திரை நாயின் குடலில் ஏறக்குறைய பாதிதான் உறிஞ்சப்படும், அதுவும் நாய்க்கு நாய் மாறும். பூனையில் அதைவிடக் குறைவு. கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

பூனையின் கல்லீரலிலும் ஒரு குறை உண்டு. சில மருந்துகளோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியேற்றும் வேலையை நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் எளிதாகச் செய்யும். பூனைக்கு அந்த நொதி போதாது. குளோரம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் பூனை உடம்பில் நீண்ட நேரம் தங்குவது இதனால்தான். பாரசிட்டமால் பூனைக்கு விஷமாவதற்கும் இதுவே பெரிய காரணம். (ஆன்டிபயாட்டிக் இல்லைதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: தும்மலுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.)

அப்புறம், தயிர்சாதம். பால், தயிர், கால்சியம் டானிக், இரும்புச்சத்து டானிக், அல்சருக்கான சுக்ரால்ஃபேட் எல்லாவற்றிலும் இருக்கும் உலோக அயனிகள் என்ரோஃப்ளாக்சசினைப் பிடித்துக்கொள்ளும். மருந்தில் ஒரு பங்கு குடலிலேயே நின்று மலத்தோடு போய்விடும். வெறும் சோற்றிலோ கோழிக்கறித் துண்டிலோ வைத்துக் கொடுங்கள். தயிருக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்கிளினுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நேரமும் முக்கியம். என்ரோஃப்ளாக்சசின் ரத்தத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு கிருமியைக் கொல்லும். அதனால்தான் ஒரே வேளை. இரண்டாக உடைத்துக் காலை மாலை கொடுத்தால் அந்த உயரம் எட்டாது. அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் நேர்மாறு: ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி சிறுநீரில் இறங்கிவிடும். அதை எட்டு அல்லது பன்னிரண்டு மணிக்கொரு தடவை கொடுத்தாக வேண்டும். காலை வேளை மறந்துபோனால் மாலையில் இரட்டிப்பாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

உங்கள் பூனைக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாமல் போகலாம். பூனைத் தும்மலில் பெரும்பகுதி ஹெர்பஸ், கலிசி வைரஸ்களால் வருவது. மூக்குச்சளி மஞ்சளாகக் கெட்டியாக வந்தால், சாப்பிடாமல் கிடந்தால், மருத்துவர் டாக்ஸிசைக்கிளின் எழுதக்கூடும். அந்த மாத்திரையைக் காய்ந்தபடி தொண்டையில் போடாதீர்கள். பூனையின் உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டு சுவரைப் புண்ணாக்கும். ஆறும்போது குழாய் சுருங்கி, தின்றதெல்லாம் வெளியே வரும். மாத்திரை போட்ட கையோடு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கடைவாயோரம் மெல்ல விடுங்கள், அல்லது உடனே கொஞ்சம் சாப்பாடு வையுங்கள்.

மிச்சமுள்ள நான்கு மாத்திரை நாயுடையவை. மேல்தோல் மூடியபின்னும் அடியில் கிருமி இருக்கலாம். இடையில் நிறுத்தியதையும் தயிரில் கலந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தோலைப் பார்த்துவிட்டுத் தொடரவா வேண்டாமா என்று அவர் சொல்வார்.