முகிமோ ஏன் பசையாகிவிடுகிறது?

கென்யாவில் சாப்பிட்ட முகிமோ என்னும் உருளைக்கிழங்கு மசியலை ஊர் திரும்பியதும் செய்து பார்த்ததாகவும், அது பசைபோல் ஆகிவிட்டதாகவும் எழுதி, காரணம் கேட்டிருக்கிறீர்கள். மிக்ஸியில் அரைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெந்த உருளைக்கிழங்கு மிக்ஸியின் கத்தியில் சிக்கினால் மாவுச்சத்து வெளியேறி இழுபடத் தொடங்கும். பிறகு எதைச் சேர்த்தாலும் சரியாகாது. கீரை கடையும் மரமத்தை எடுங்கள், அதுவே போதும்.

நைரோபிக்கு வடமேற்கே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த லிமுருவில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். வீட்டுக்காரர் கென்யாவின் கிக்குயு இனத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. அவருடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்து நானும் ‘ஷோஷோ’ என்றே கூப்பிடுவேன். பாட்டி என்று பொருள். முகிமோவை அவரிடம்தான் கற்றேன். இதையே இரியோ என்றும் சொல்வார்கள். கிக்குயு மொழியில் அந்தச் சொல்லுக்கு உணவு என்றே பொருள். இந்த மசியலுக்கு அவர்கள் வீட்டில் எவ்வளவு பெரிய இடம் என்பதை அதிலேயே புரிந்துகொள்ளலாம்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, வேகவைத்த மக்காச்சோளம் ஒரு கப், பச்சைப் பட்டாணி ஒரு கப், ஒரு கட்டு இளம் பூசணி இலை வேண்டும். ஸ்வீட் கார்ன் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதன் இனிப்பு முழுப் பாத்திரத்தையும் கெடுத்துவிடும். அங்கே போடுவது வெள்ளை நிறத்தில், பெரிய மணியாக, மாவுச்சத்து மிகுந்த சோளம். நம் கடைகளில் கிடைக்கும் காய்ந்த மக்காச்சோளத்தை இரவே ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை குக்கரில் வேகவிடுங்கள். லிமுரு 2,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஷோஷோவின் கரியடுப்பில் சோளம் வேகப் பாதி நாள் போய்விடும்.

பூசணி இலையில்தான் பொறுமை வேண்டும். காம்பின் நுனியை ஒடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் சொரசொரப்பான நார், நூல்போல் இலையின் முதுகு வரை உரிந்து வரும். ஒவ்வொரு இலையிலும் இதைச் செய்தாக வேண்டும். முதல் நாள் நான் ஐந்தாறு இலைகளை அப்படியே போட்டுவிட்டேன். ஷோஷோ ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் பொறுக்கியெடுத்து மறுபடியும் என் மடியில் வைத்தார். உரித்த இலையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து இடித்துக்கொள்ளுங்கள். இலையை மட்டும் மிக்ஸியில் அரைத்தாலும் பாதகமில்லை.

பிறகு உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் உப்புப் போட்டு வேகவையுங்கள். வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்து, ஒரு டம்ளர் மட்டும் எடுத்து வையுங்கள். நீங்கள் வடிக்காமல் மசித்திருந்தால் பசையானதற்கு அதுவும் காரணம். வடித்த கிழங்கோடு பாத்திரத்தை மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வைத்தால் மிச்ச ஈரமும் ஆவியாகிவிடும். சூடு ஆறுமுன் மசித்து, இலைவிழுதைச் சேருங்கள். வெள்ளை மாவில் பச்சை முதலில் கோடு கோடாக ஓடும், நாலைந்து முறை புரட்டியதும் முழுக்கப் பரவிவிடும். கெட்டியாகத் தெரிந்தால் எடுத்து வைத்த நீரை ஒவ்வொரு கரண்டியாக விடலாம். சோளத்தைக் கடைசியில் போட்டுக் கிளறுங்கள். அதை நசுக்கக் கூடாது, மென்மைக்கு நடுவே மணி மணியாகப் பல்லில் படவேண்டும்.

எண்ணெயில் வெங்காயம் வதக்கிச் சேர்க்கும் வீடுகளும் உண்டு, அது நன்றாகவே இருக்கும். கடுகு, மஞ்சள், பச்சைமிளகாய் வேண்டாம். பூசணி இலையின் மண்வாசம் அதில் அமுங்கிப்போகும். காரத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்போ சுட்ட இறைச்சியோ இருக்கிறதே. சைவம் என்றால் தக்காளியில் வதக்கிய முட்டைக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாணிக்குப் பதிலாக அவர்கள் ‘ஞ்ஜாஹி’ என்னும் கறுப்புப் பயற்றையும் போடுவார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அதைத் தேடிப்பிடித்துச் சமைத்துக் கொடுப்பது கிக்குயு வழக்கம். ஷோஷோ முறத்தில் கொட்டியதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு மொச்சை! நம் ஊர் மொச்சையின் இனமேதான். அடுத்த முறை மொச்சை போட்டே செய்து பாருங்கள்.