எங்கள் ஊர் ஆறு – ஓர் ஆசிரியையின் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர் ஆறு' என்று கட்டுரை கொடுத்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. நதிகள் மனித நாகரிகத்தின் தொட்டில் என்று தொடங்கி, நீர் மாசுபாடு, நமது கடமை என்று முடிகின்றன. அவற்றில் ஒன்றில்கூடத் தாமிரபரணி என்ற பெயர் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம், ஐயா. கேட்டால், "ஏஐகிட்ட கேட்டேன் டீச்சர், அதுதான் எழுதித் தந்துச்சு" என்று ஒருத்தி கூச்சமே இல்லாமல் சொல்கிறாள்.

கணக்கு டீச்சருக்கும் இதே பாடுதான். கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை வந்துவிடுகிறது. வகுப்பில் ஏதாவது கேட்டால் யோசிப்பதே இல்லை. "வீட்டுக்குப் போய் போன்ல பாத்துட்டு வந்து சொல்லுதேன் டீச்சர்" என்கிறார்கள். போனைத் தொடவே விடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லும்படி மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சொல்லலாமா? அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடலாமா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியவர் கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள டீச்சர்,

ஏஐ எழுதிய கட்டுரைகளைவிட, 'போன்ல பாத்துட்டு வந்து சொல்லுதேன்' என்ற பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அதோடு இரண்டு நிமிடம் மல்லுக்கட்ட அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. கேள்வி காதில் விழுந்து விடை பிடிபடுவதற்குள் மனசு தடுமாறுகிறதே, படிப்பு நடப்பது அந்த இடைவெளியில்தான். அது பறிபோகிறது என்பதுதான் என் கவலை. ஞாபகசக்தி போச்சு, கையெழுத்து போச்சு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் அந்த இடைவெளியைச் சுருக்கும் வேலையைப் போன் வருவதற்கு முன்பே வகுப்பறை தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார், இல்லையென்றால் தானே சொல்லிவிடுகிறார். மூன்று நொடியும் அதற்கு மேலும் பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். வெறும் மூன்று நொடி, டீச்சர். போர்ஷன் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கை தூக்குகிற அந்த நாலு பேரை உடனே எழுப்பாதீர்கள்.

போனைத் தொட விடாதீர்கள் என்று பெற்றோரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கமெல்லாம் அம்மை பீடி சுற்றிப் படிக்க வைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! மடியில் சுளகோடு இருக்கிற அந்த அம்மையிடம் ஆங்கிலப் பாடத்தில் சந்தேகம் கேட்க முடியாது. ட்யூஷனுக்குக் காசும் கிடையாது. ஒரு வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்று அந்த வீட்டில் சொல்லித் தருவது போன் ஒன்றுதான். அதுவும் அம்மை தூங்கப் போகிற நேரத்தில்தான் கைக்கு வரும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சடித்துக் கொடுத்ததும், 2020இல் பள்ளிகள் மூடியபோது வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் பெரியவர்கள்தானே? இப்போது குற்றத்தைப் பிள்ளை தலையில் கட்டுவது நியாயமில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் போனை வாங்கி வைத்தால் அதற்குக் கேட்க வேறு ஆள் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இனி அந்தக் கட்டுரை. 'எங்கள் ஊர் ஆறு' என்பது ஆற்றைக் கண்ணால் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய தலைப்பு. நான் வேலை பார்த்த காலத்தில் ஏஐ இல்லை, கைடு இருந்தது. அன்றைக்கும் அதே நாகரிகத் தொட்டில்தான் வந்தது, மையில் எழுதி வந்தது.

தலைப்பை மாற்றிப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்கள் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? எந்தப் படித்துறை முழுகியது? வீட்டில் முதலில் எதை எடுத்து மேலே வைத்தார்கள்? 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி ஆச்சியிடம் கேட்கட்டும். எது பெரிய வெள்ளம், எதை வைத்து அப்படிச் சொல்கிறாள்? இந்த வேலைக்குப் போன் வேண்டும். ஆச்சி பேசுவதை அதில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும்.

கேட்டு எழுதுவது லேசான வேலை கிடையாது. ஆச்சி வரிசையாகச் சொல்ல மாட்டாள். மாடு அடித்துக்கொண்டு போனதில் தொடங்கி, மகள் கல்யாணத்துக்குப் போய், யாரோ கொழுந்தனோடு போட்ட சண்டையைச் சொல்லிவிட்டு வெள்ளத்துக்குத் திரும்புவாள். எதை முதலில் வைப்பது, எதை விடுவது, அவள் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுவதா, திருத்துவதா? பதினான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். தமிழ்ப் பாடம் என்றால் எனக்கு இதுதான்.

ஆற்றைப் பற்றியே கேட்கவும் எவ்வளவோ இருக்கிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அந்தப் பெயர்களைப் போன் சொல்லிவிடும், சொல்லட்டும். கன்னடியன் கால்வாயில் பிசான நெல் சாகுபடிக்கு இந்த வருடம் என்றைக்குத் தண்ணீர் வந்தது, கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் பிடித்தது என்பதை வயலில் நிற்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். எல்லாரும் எழுதி முடித்த பிறகு ஏஐ தந்த கட்டுரை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, இதில் நம் ஆறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். யாரையும் திட்டாமலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

கணக்கு டீச்சருக்கு ஒரு யோசனை. கணக்கை விடையோடு சேர்த்தே கொடுக்கட்டும், நடுவில் ஒரு படியில் மட்டும் பிழை வைத்து. பிழையைக் கண்டுபிடித்தவர் அது ஏன் பிழை என்று கரும்பலகைக்கு வந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் நாளைக்கே செய்யலாம். வகுப்பு தொடங்கியதும் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேற்றைய பாடத்தில் ஞாபகம் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். அதனால் முதல் நாள் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் விஷயம். அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட வேண்டாம், பூஜ்யமும் போட வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பீரியட் முழுக்க உங்கள் முன்னால் உட்கார்ந்து ஆச்சி சொன்னதில் பத்து வரி எழுதட்டும். மதிப்பெண் அந்தப் பத்து வரிக்கு. கூச்சமில்லாமல் சொன்னாள் என்று அந்தப் பெண் பிள்ளை மேல் கோபப்படாதீர்கள். கேட்டதும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அடி கிடைத்தால் அடுத்த தடவை பொய்தான் சொல்வாள்.

பிள்ளைகள் எழுதியதில் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். பிழை திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்.